மணிக்கூண்டைச் சாய்க்காமல் படமெடுப்போம்

மும்பைக்கு வந்த புதிதில், ராஜாபாய் மணிக்கூண்டின் அருகில் நின்று, அண்ணாந்து ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். "கூண்டு பின்பக்கம் விழுகிற மாதிரி இருக்கிறதே, பார்த்து இரு" என்று அப்பா பதில் எழுதினார். கூண்டு நேராகத்தான் நின்றது. கேமராவைச் சாய்த்தவன் நான்.

பருத்தி வியாபாரத்திலும் பங்குச் சந்தையிலும் பெரும் பொருள் ஈட்டிய பிரேம்சந்த் ராய்சந்த், தம் தாயார் ராஜாபாயின் பெயர் நிலைக்கப் பணம் கொடுத்துக் கட்டுவித்த கூண்டு இது. 1869-ல் அடிக்கல் நாட்டி 1878-ல் முடித்தார்கள். வரைபடம் தந்த கில்பர்ட் ஸ்காட் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. உயரம் 280 அடி.

ஏன் சாய்கிறது?

தண்டவாளத்தின் நடுவே நின்று பார்த்தால், இரு தண்டவாளங்களும் தொலைவில் ஒன்றுசேர்வதுபோல் தெரியும் அல்லவா? அதே கணக்குதான். கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் கூண்டின் உச்சி, அடிப்பாகத்தைவிடத் தொலைவாகிவிடுகிறது. அதனால் சிறுத்து, பக்கக் கோடுகள் உள்வாங்குகின்றன. கேமராவை ரசமட்டம் வைத்ததுபோல் நேராகப் பிடித்தால் கோடுகள் தூக்குக்குண்டு விட்டதுபோல் நிற்கும்.

எவ்வளவு தூரம் தள்ளி நிற்பது?

35 மி.மீ. ஃபிலிம் கேமராவை நெடுக்காகப் பிடித்தால் படத்தின் உயரம் 36 மி.மீ. கேமரா நேராக இருக்கும்போது கூண்டு மேல் பாதியில், அதாவது 18 மி.மீ.க்குள், அடங்க வேண்டும். 50 மி.மீ. லென்ஸ் என்றால் 280-ஐ 50-ஆல் பெருக்கி 18-ஆல் வகுங்கள். ஏறக்குறைய 780 அடி. 28 மி.மீ. லென்ஸுக்கு 440 அடி போதும். எதிரே உள்ள ஓவல் மைதானத்தில் இந்த இடம் தாராளமாகக் கிடைக்கும். கீழ்ப் பாதியில் விழும் புல்தரையைப் பிறகு வெட்டிவிடலாம். செல்போனில் எடுப்பவர்கள் திரையில் கட்டக் கோடுகளை வரவழைத்து, கூண்டின் விளிம்பை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எந்த நேரம்?

மைதானம் கூண்டுக்கு மேற்கே இருக்கிறது. காலையில் சூரியன் கூண்டின் பின்னால் நிற்பதால் படம் கறுத்துப்போகும். மாலை நாலு மணிக்கு மேல் சாய்வெயில் விழும்போது மஞ்சள் சாயல் கொண்ட குர்லா கல்லும், அதில் செதுக்கிய உருவங்களும் எடுப்பாகத் தெரியும். வெளிச்சத்தை வானத்துக்கு அல்ல, கல்லுக்கு அளந்து வையுங்கள்.

படம் எப்படி இருந்தால் என்ன என்று எண்ண வேண்டாம். ரயில்வேயில் பாலத் தூணைப் படமெடுக்கும்போது கேமரா சாய்ந்தால், நேரான தூணும் சாய்ந்ததாகத் தோன்றும். உண்மையில் சாய்ந்த தூணைக் கண்டுபிடிக்கவும் முடியாது. பழைய கட்டடத்தைப் பழுதுபார்ப்பவர்களுக்கும் முன்பிருந்த நிலையைக் காட்டுவது பழைய படங்களே. இந்தக் கூண்டையும் 2015-ல் புதுப்பித்து முடித்தார்கள். 2018-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற மும்பைக் கட்டடத் தொகுதியில் இதுவும் ஒன்று.

வரும் ஞாயிறு மாலை பிள்ளைகளை ஓவல் மைதானத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். தூரக் கணக்கை அவர்களே போடட்டும். படத்தோடு தேதி, நேரம், நின்ற இடம் மூன்றையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஐம்பது வருஷம் கழித்து யாருக்காவது அது உதவும்.