குன்றுச் சரிவின் கல்மண்: அதன் குணங்களும் வகைகளும்

காஞ்சிபுரம் என்றவுடன் பட்டும் கோயிலும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இவ்வூரைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குச் சோறிடுபவை ஏரிகளே. அந்த ஏரிகளுக்கு நீரை அனுப்புவதில், சமவெளியின் நடுவே ஆங்காங்கே எழுந்து நிற்கும் சிறு குன்றுகளுக்கும் அவற்றின் சரிவுகளுக்கும் பெரும் பங்கு உண்டு. வாலாஜாபாத், உத்திரமேரூர்ப் பகுதிகளில் இத்தகைய குன்றுகள் பல. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராசப் பெருமாள் எழுந்தருளும் பழைய சீவரத்துக் குன்றை அறியாதவர் இப்பகுதியில் இலர்.

இக்குன்றுகளின் சரிவில் உள்ள கல் நிறைந்த மண்ணைக் "கரடு" என்றும் "தரிசு" என்றும் சொல்லி நாம் ஒதுக்கிவிடுகிறோம். சிலர் ஏர் பூட்டி உழுது பார்த்துக் கைவிடுகிறார்கள். சிலர் சாலைக்கும் வீட்டுமனைக்கும் சரளையாக வெட்டி எடுத்துவிடுகிறார்கள். இரண்டும் நட்டத்திலேயே முடிகின்றன. இம்மண்ணின் இயல்பை அறிந்து, வகை பிரித்து, அந்தந்த வகைக்குத் தக்கவாறு பயன்படுத்துவதே முறையாகும். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மண் எவ்வாறு உண்டாகிறது?

நம் பகுதிக் குன்றுகள் பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் மிகப் பழமையான கடும் பாறையாலும், அதனோடு சேர்ந்த நைஸ் பாறையாலும் ஆனவை. சென்னையை அடுத்த பல்லாவரத்துக் குன்றுகளும் இந்தச் சார்னோக்கைட் பாறையே. 1893ஆம் ஆண்டில் ஹாலந்து என்னும் நிலவியல் அறிஞர் இதற்கு இப்பெயரை இட்டார். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னோக் என்பவருடைய கல்லறைக் கல் இப்பாறையால் ஆனது. அதனால் வந்த பெயர் இது.

வெயிலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் பாறை வெடிக்கிறது. வெடிப்பில் மழைநீரும் வேரும் புகுந்து அதை மேலும் பிளக்கின்றன. பாறையில் உள்ள வெள்ளைக் கனிமங்கள் நாளடைவில் சிதைந்து களியாகின்றன. கருங்கனிமங்களில் உள்ள இரும்பு துருவாகி மண்ணுக்குச் செந்நிறம் தருகிறது. சிதையாத பளிங்குக் கல் துகள்கள் மணலாகவும் பருக்கையாகவும் நின்றுவிடுகின்றன. இவ்வாறு ஒரு சென்டிமீட்டர் மண் உண்டாக நூற்றாண்டுகள் செல்லும். அதை ஒரே பெருமழை அடித்துச் சென்றுவிடலாம்.

சரிவின் நான்கு படிகள்

குன்றின் உச்சியிலிருந்து ஏரிக்கரை வரை நடந்து சென்றால் மண் படிப்படியாக மாறுவதைக் காணலாம். உச்சியில் வெறும் பாறை. மேற்சரிவில் ஒரு சாண் ஆழத்திற்கும் குறைவான சரளை மண். இடைச்சரிவில் கல் கலந்த செம்மண். அடிவாரத்தில் ஆழமான செம்மண் நிலம். அதற்கும் கீழே, ஏரியிலும் ஆயக்கட்டிலும் களியும் வண்டலும். மேலே இழந்த மண்ணே கீழே சேர்ந்திருக்கிறது.

கல்மண்ணின் குணங்கள்

முதற்குணம் ஆழக்குறைவு, இரண்டாவது கல் மிகுதி. இவ்விரண்டும் சேர்ந்து மண்ணின் நீர்ப்பிடிப்பைக் குறைக்கின்றன. ஒரு கணக்கால் இதை விளக்கலாம். மேற்சரிவில் 30 செ.மீ. ஆழமுள்ள மண்ணில் 40 விழுக்காடு கல் இருப்பதாகக் கொள்வோம். உண்மையான மண் 18 செ.மீ. மட்டுமே. மணற்பாங்கான இம்மண், 10 செ.மீ. ஆழத்திற்கு ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் நீரைப் பயிருக்காகச் சேமித்து வைக்கும். எனவே மொத்தம் 18 மில்லிமீட்டர். பயிர் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீரைச் செலவிட்டால், நான்கு நாட்களில் கையிருப்புத் தீர்ந்துவிடும். அடிவாரத்தில் 90 செ.மீ. ஆழமும் 10 விழுக்காடு கல்லும் உள்ள மண்ணோ அதே பயிரைப் பதினாறு நாட்கள் தாங்கும். ஒரே மழையில் விதைத்த இரு வயல்களில் மேல்வயல் முந்தி வாடுவதன் காரணம் இதுவே. இதற்கு உரம் மருந்தாகாது.

மூன்றாவது குணம் அரிப்பு. நம் பகுதியின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேற்பட்டது வடகிழக்குப் பருவத்தில் விழுகிறது. அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஆழமற்ற மண் விரைவில் நிரம்பிவிடுவதால் எஞ்சிய நீர் சரிவில் ஓடுகிறது. ஓடும் நீரின் வேகம் இரட்டித்தால் அதன் அரிக்கும் ஆற்றல் நான்கு மடங்காகும். ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மண் போனால் அது 40 கன மீட்டர்! அம்மண்ணில் பெரும்பகுதி சென்று தங்குமிடம் நம் ஏரியே.

சத்துக்களைப் பொறுத்தவரை, இம்மண்ணில் தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைவு, மக்கும் குறைவு. ஆயினும் இதற்கு நற்குணங்களும் உண்டு. நீர் தேங்காது. வேருக்குக் காற்றோட்டம் நன்கு கிடைக்கும். மேலே பரவியுள்ள கற்கள் மழைத்துளியின் அடியைத் தாங்கி, ஈரம் ஆவியாவதையும் தடுக்கின்றன. ஆகவே சரிவிலுள்ள கல்லை எல்லாம் பொறுக்கி எறிவது அறிவுடைமை ஆகாது.

அறிவியல் வகைப்பாடு

உலகெங்கும் பயன்படும் மண் வகைப்பாட்டில் மண்கள் 12 பெரும் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் மூன்று நமக்கு வேண்டியவை. அடுக்குகள் இன்னும் தோன்றாத இளமண் "என்டிசால்" எனப்படும். மேற்சரிவின் மண் இவ்வகை. அடுக்குகள் தோன்றத் தொடங்கிய மண் "இன்செப்டிசால்"; இடைச்சரிவில் இதைக் காணலாம். மேலிருந்து இறங்கிய களி கீழே தனி அடுக்காகப் படிந்த முதிர்ந்த செம்மண் "ஆல்ஃபிசால்". இது அடிவாரத்துக்கு உரியது. தரையிலிருந்து 50 செ.மீ. ஆழத்திற்குள் கடும் பாறை தட்டுமானால் "லித்திக்" என்னும் அடைமொழி சேரும். மண்ணில் கல்லின் பங்கு 35 விழுக்காட்டிற்குக் குறையாமல் இருந்தால் அதை எலும்புக்கூட்டு மண் என்பர். பெயர்கள் புதியனவாக இருந்தாலும், அவை கூறும் செய்தி நம் விவசாயிகள் கண்டறிந்ததே.

விவசாயியே செய்யத்தக்க மூன்று சோதனைகள்

1. ஆழம்: சரிவில் மூன்று நான்கு இடங்களில் கடப்பாரையால் குழி தோண்டிப் பாறை தட்டும் வரை அளக்க வேண்டும். 25 செ.மீ.க்குக் குறைந்தால் மிகக் குறைந்த ஆழம். 25 முதல் 50 வரை குறைந்த ஆழம். 50 முதல் 100 வரை நடுத்தரம். அதற்கு மேல் ஆழமான மண்.

2. கல்: குழியிலிருந்து எடுத்த மண்ணை 10 லிட்டர் வாளி நிறைய அளந்து, 2 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலிக்க வேண்டும். நிற்கும் கல்லை, விளிம்பு வரை நீர் நிறைந்த பாத்திரத்தில் இட்டால் நீர் வழியும். வழிந்த நீர் 4 லிட்டராயின் கல் 40 விழுக்காடு.

3. சரிவு: 10 மீட்டர் கயிற்றின் ஒரு முனையை மேட்டுத் தரையில் வைத்து, மறுமுனையைப் பள்ளத்தில் நட்ட கழியில் பிடித்து, ரசமட்டத்தால் கயிற்றைச் சமப்படுத்த வேண்டும். கயிறு தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் நின்றால் சரிவு 10 விழுக்காடு.

நில வகுப்பும் தக்க பயனும்

நிலங்கள் அவற்றின் திறனுக்கேற்ப எட்டு வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. முதல் நான்கும் உழவுக்கு ஏற்றவை. பின் நான்கும் புல்லுக்கும் மரத்துக்கும் காட்டுக்கும் உரியவை. ஆழம், கல், சரிவு ஆகிய மூன்றில் எதில் குறை மிகுதியோ அதுவே வகுப்பைத் தீர்மானிக்கும். சரிவு குறைவாயினும் பாறை ஒரு சாணில் தட்டினால் அது உழவு நிலம் அன்று.

அரை மீட்டருக்கு மேல் ஆழமும் 5 விழுக்காட்டிற்கு உட்பட்ட சரிவும் உள்ள அடிவார நிலத்தில் வேர்க்கடலை, கேழ்வரகு, துவரை, கொள்ளு ஆகியவற்றைப் பயிரிடலாம். உழவும் வரப்பும் சரிவுக்குக் குறுக்கே அமைய வேண்டும். இடைச்சரிவில் சீத்தா, நாவல், புளி முதலிய மரங்களைக் குழி எடுத்து நட்டு, இடையே கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும் வளர்க்கலாம். பொறுக்கிய கற்களைச் சமமட்டக் கோட்டில் கல்வரப்பாக அடுக்கினால், மண் அதன் பின்னே தங்கும். மேற்சரிவில் ஏர் படவே கூடாது. ஆவாரை, விராலி போன்ற புதர்களைக் காத்து, மேய்ச்சலைச் சில பருவங்கள் நிறுத்தி வைத்தாலே போதும். பசுமை தானே திரும்பும்.

பஞ்சாயத்தின் கடமை

பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில், உத்திரமேரூர்ச் சபை ஏரியைக் காக்க ஏரி வாரியம் என்று தனிக் குழுவைக் குடவோலையால் தேர்ந்தெடுத்ததைக் கல்வெட்டு கூறுகிறது. இன்று அப்பொறுப்பு நம்முடையது. கரையை உயர்த்துவதும் மதகைப் பழுது பார்ப்பதும் பாதி வேலையே. சரிவைக் காவாமல் ஏரியைத் தூர் வாருவது, ஓட்டைக் குடத்தில் நீர் சுமப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே பஞ்சாயத்து உறுப்பினர்கள் தம் ஊர்க் குன்றை ஒருநாள் விவசாயிகளோடு சுற்றி வந்து, மேற்கூறிய சோதனைகளைச் செய்து, எந்தப் புல எண் எந்த வகுப்பு என்று ஒரு பட்டியல் தயாரித்துக் கிராம சபையில் வைத்தல் நலம். வரத்துக் கால்வாயின் தலைப்பில் உள்ள சரிவுகளில் சரளை வெட்ட யாரேனும் முற்பட்டால், முறையான அனுமதி உண்டா என்று விசாரித்து வருவாய்த் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சரளைக்குக் கிடைக்கும் தொகை ஒருமுறை வருவது. சரிவு தரும் நீர் ஆண்டுதோறும் வருவது.

ஏரியில் ஏற்கெனவே படிந்த வண்டலையும் வீணாக்க வேண்டுவதில்லை. உரிய அனுமதி பெற்று அதை எடுத்து, அடிவாரத்து மணற்பாங்கான நிலங்களில் பரப்பினால் நீர்ப்பிடிப்பும் சத்தும் உயரும்; ஏரியும் ஆழமாகும். கீழே இறங்கிய மண்ணை மேலேற்றும் இவ்வழக்கம் நம் முன்னோர் கைக்கொண்டதே.

தரிசு என்று பெயரிட்டதனாலேயே ஒரு நிலம் பயனற்றதாகிவிடாது. குன்றின் சரிவில் ஒரு சாண் மண் நிற்கும் வரையில்தான் அதன் கீழுள்ள ஏரியும் கிணறும் நிலைக்கும். வரும் ஐப்பசி மழைக்கு முன்பே ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் சரிவை அளந்து, வகை பிரித்து, காக்கும் பணியைத் தொடங்குமாக.