அன்னம்மாள் கண்ட குருவிக்கூடு

புக்கிட் மெர்தாஜாம்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான்கு பக்கங்களில் மூன்றரைப் பக்கம் உன் சித்தி மகளைப் பற்றியும், எஞ்சிய அரைப் பக்கம் மட்டுமே உன்னைப் பற்றியும் இருந்ததைக் கண்டு முதலில் சிரித்தேன். பிறகு சிரித்ததற்கு வெட்கப்பட்டேன். அவளுக்கு வைத்தியப் படிப்பு, உனக்குப் பாலிடெக்னிக். அவள் செய்தியைக் குடும்ப வாட்ஸ்ஆப்பில் போட்ட அன்று நாற்பது பேர் வாழ்த்தினார்கள், உன் செய்திக்கு ஏழு பேர் கட்டைவிரல் காட்டியதோடு சரி என்று கணக்கெழுதியிருக்கிறாய். அந்த ஏழு கட்டைவிரல்களில் ஒன்று என்னுடையது. அந்தக் கருவியில் அதற்குமேல் ஒன்றும் செய்யத் தெரியாத கிழவன் நான் என்பதையும் உன் கணக்கில் சேர்த்துக்கொள்.

பிறரோடு உன்னை ஒப்பிடாதே என்று உபதேசிப்பது மிகச் சுலபம். ஆனால் அவ்வாறு உபதேசிப்பவர்கள், நான் உட்பட, கோயிலில் யார் பிள்ளை வாசகம் வாசித்தது, யார் பெயர் நன்கொடைப் பட்டியலில் முதலில் வந்தது என்று பார்க்கத் தவறுவதில்லை. ஆகையால் உபதேசத்தை ஒதுக்கிவிட்டு, நம் ஊர்ப் புனிதையின் கதையைச் சொல்கிறேன்.

மலையடிவாரத்தில் 1888இல் எழுந்த பழைய கோயிலும், 2002இல் கட்டிய பெரிய கோயிலும் நிற்கும் அந்த வளாகத்தில், ஜூலை 26ஆம் தேதித் திருவிழாவை ஒட்டி, தமிழரும் சீனரும் கிறிஸ்தவரல்லாத அநேகரும் மெழுகுவர்த்தி ஏந்தித் திரளாய் நடக்கிறார்களே, அந்தப் பவனியின் நாயகியாகிய அர்ச். அன்னம்மாளின் பெயர் வேதாகமத்தில் ஓரிடத்திலும் இல்லை. யாகப்பர் பெயரால் வழங்கும், இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பழைய நூலில்தான் அவருடைய சரித்திரம் வருகிறது; திருச்சபை அந்நூலை வேதாகமத்தில் சேர்க்கவில்லையாயினும், மாதாவின் தாய் தந்தையரை நாம் அறிந்தது அதன் வழியாகவே.

அந்நூலின்படி, அன்னம்மாளின் கணவர் சுவக்கீன் காணிக்கை செலுத்தப் போனபோது, பிள்ளையில்லாத நீர் முதலில் வந்து நிற்கலாகாது என்று ஒருவர் தடுத்துவிட்டார். மனம் நொந்த சுவக்கீன், இஸ்ராயேலின் பன்னிரண்டு கோத்திரங்களின் பதிவேடுகளையும் புரட்டி, தம்மைப்போல் பிள்ளையில்லாத நீதிமான் ஒருவராவது உண்டா என்று தேடிப் பார்த்து, ஒருவரும் இல்லை என்று கண்டு, வீடு திரும்பாமல் பாலைவனத்துக்குப் போய்விட்டார். தன் துக்கத்துக்குப் புள்ளிவிவரம் தேடிப் போகும் மனிதனை நீ எங்கேனும் பார்த்திருக்கிறாயா? உன் கடிதத்தை மறுபடி வாசித்துப் பார்.

தனித்து விடப்பட்ட அன்னம்மாளோ, கலியாண உடையை உடுத்திக்கொண்டு தோட்டத்தில் ஒரு மரத்தடியில் அமர்ந்து அண்ணாந்து பார்த்தபோது, கிளையில் ஒரு குருவிக்கூடு தெரிந்தது. அவ்வளவுதான், துக்கம் பொங்கிவிட்டது. குருவிக்குக் குஞ்சுண்டு, மிருகத்துக்குக் குட்டியுண்டு, தண்ணீரிலும் உயிர்கள் பெருகுகின்றன, மண்ணும் காலந்தவறாமல் விளைகிறது, எனக்கு மாத்திரம் ஏன் இப்படி என்று ஒவ்வொன்றோடும் தன்னை ஒப்பிட்டு அழுதார். புனிதை என்று நாம் கும்பிடும் பெண்மணியே அப்படிச் செய்தார் என்றால், நீ அழுததில் பாவம் என்ன இருக்கிறது?

ஆனால் ஒன்று கவனி. அந்தப் புலம்பல் முழுவதையும் அவர் சர்வேசுரனை நோக்கியே சொன்னார், குருவிக்கூட்டைக் கலைக்கவில்லை. சவுல் அரசன் செய்ததோ வேறு. ஆயிரம் பேரைக் கொன்றவன் என்று தன்னையும் பதினாயிரம் பேரைக் கொன்றவன் என்று தாவீதையும் ஊர்ப் பெண்கள் பாடிய ஒரு பாட்டைக் கேட்டவன், மறுநாளே ஈட்டியை ஓங்கினான். ஒப்பிட்டது இருவருந்தான், ஒருவருக்கு அது ஜெபமாயிற்று, மற்றவனுக்கு ஆயுதமாயிற்று.

என் பங்குக்கும் ஒரு கதை உண்டு. பதினாறு வயதில், பள்ளி விடுமுறைக்கு என் தகப்பனார் நிரையில் பாதியை நான் வெட்ட ஒப்புக்கொண்டேன். நிரை என்றால் என்ன என்று உன் தலைமுறைக்குத் தெரியாது. ஒரு பால்மரத் தொழிலாளிக்கென்று ரப்பர் தோட்டத்தில் ஒதுக்கிய மரவரிசைகள். பக்கத்து நிரையில் என் வயதுப் பையன் ஒருவன். பால் ஸ்டோரில் நிறுவைக்கு நிற்கும்போது அவன் வாளி எப்போதும் என் வாளியைவிட நிறைந்திருக்கும். மூன்றாம் நாள், அவனை விஞ்சியே தீர்வது என்று கத்தியை அழுத்திப் பட்டையை ஆழமாக இழுத்தேன். பால் சற்றுக் கூடுதலாக வடிந்தது உண்மைதான். அன்று மேற்பார்வைக்குச் சுற்றி வந்த மண்டோர் ஒரு மரத்தண்டை நின்று, வெட்டின் மேல் ஒட்டியிருந்த பாலை விரலால் வழித்துவிட்டு, உள்ளே வெளுத்துத் தெரிந்த கட்டையை நகத்தால் தட்டி, “டேய், பட்டய வெட்டச் சொன்னா கட்டய வெட்டுறியா? பக்கத்து வாளிய பாத்துக்கிட்டு வெட்டுனா இப்படித்தான்” என்றார். பதமாக வெட்டிய இடத்தில் சில ஆண்டுகளில் புதுப்பட்டை வழுவழுப்பாக மூடிவிடும். காயம்பட்ட இடத்திலோ முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும், பிறகு அதில் கத்தி ஓடாது. அந்தப் பையனுடைய நிரையில் மரங்கள் இளையவை, என் தகப்பனாருடையவை கிழமரங்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அருளப்பர் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தைத் திறந்து பார். திபேரியாக் கடற்கரையில், கரிநெருப்பில் மீன் வெந்த விடியற்காலையில், மும்முறை மறுதலித்த இராயப்பரை மும்முறை கேட்டு, தம் மந்தை முழுவதையும் அவர் கையில் சேசுநாதர் ஒப்படைக்கிறார். அதைவிடப் பெரிய உத்தியோகம் ஒரு செம்படவனுக்கு என்ன கிடைக்கும்? அப்படியிருந்தும் இராயப்பர் திரும்பிப் பார்க்கிறார். பின்னால் வந்த அருளப்பரைக் கண்டு, இவன் காரியம் என்ன என்று கேட்கிறார். அதனால் உனக்கென்ன, நீ என் பின்னே வா என்கிற கருத்தில் ஆண்டவர் அளித்த மறுமொழி சற்றுக் கண்டிப்பாகவே இருக்கிறது. இராயப்பர் எந்த முடிவை அடைவார் என்று முன்னமே சொன்னவர், அருளப்பருக்கு நேரப்போவதை மட்டும் சொல்ல மறுத்துவிட்டார். உன் சித்தி மகளின் காரியமும் அப்படித்தான். அது அவளுக்கும் ஆண்டவருக்கும் இடைப்பட்டது, அதற்குள் எத்தனை இரவு விழிப்பும் பயமும் இருக்கின்றன என்று அந்த நாற்பது பேருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

இனி அந்த அரைப் பக்கத்துக்கு வருகிறேன். பட்டறையில் நீ முதன்முதல் முடித்த மின்னிணைப்பில் விளக்கெரிந்தபோது உன்னையறியாமல் கைதட்டிவிட்டதாகவும், பக்கத்திலிருந்தவர்கள் சிரித்ததாகவும் இரண்டே வரியில் எழுதிவிட்டு, உடனே மறுபடியும் அவளிடம் போய்விட்டாய். எனக்கு வேண்டியது அந்த இரண்டு வரிதான். எந்தக் கம்பியை எதில் சேர்த்தாய், எத்தனை தரம் பிசகிற்று, ஆசிரியர் என்ன சொன்னார், எல்லாவற்றையும் விவரமாக எழுது.

திருவிழாவுக்குக் கட்டாயம் வா. ரயிலில் வருவதானால் பட்டர்வொர்த் வரை போகாமல் புக்கிட் மெர்தாஜாம் ஸ்டேஷனிலேயே இறங்கிவிடு, நான் வந்து அழைத்துக்கொள்கிறேன். உன் சித்தி மகளுக்கும் எழுதியிருக்கிறேன். அவளும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். இருவருக்கும் ஒரே அறைதான், சொல்லிவிட்டேன்.

ஆசியுடன்,
உன் மாமா