ஏழாம் கற்பனையும் பிக்கினித் தீவும்



களவு என்றதும் பூட்டை உடைப்பவனே நம் நினைவுக்கு வருகிறான். ஆனால் பிறர் பொருளை எடுப்பது மட்டுமல்ல, அதைக் கெடுப்பதும் ஏழாம் கற்பனைக்கு விரோதமான பாவமே. இதற்கு ஓர் உண்மைச் சம்பவத்தைக் கேளுங்கள்.

பசிபிக் சமுத்திரத்திலுள்ள மார்ஷல் தீவுகளில் ஒன்று பிக்கினி. 1946 பெப்ருவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவில் வழிபாடு முடிந்தபின், அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஒருவர் அவ்வூராரிடம் பேசினார். அவர்களை இஸ்ராயேல் மக்களுக்கு ஒப்பிட்டு, மனுக்குலத்தின் நன்மைக்காகச் சிலகாலம் தீவை விட்டுப் போகும்படி கேட்டார். 167 பேர் புறப்பட்டார்கள். 1958 வரை அத்தீவுகளில் 67 அணுகுண்டுச் சோதனைகள் நடந்தன.

இனி ஆபத்தில்லை என்ற சொல்லை நம்பி, 1970-க்குப்பின் சில குடும்பங்கள் பிக்கினிக்குத் திரும்பின. ஆனால் மண்ணில் சீசியம் என்னும் நச்சுக் கதிர்ப்பொருள் கிடந்தது. பவளத்தீவு மண்ணில் பொட்டாசியச் சத்து குறைவு. சீசியமோ அதைப் போன்ற குணமுள்ளது. ஆகவே தென்னை அதை உரம்போல் உறிஞ்சித் தேங்காயில் சேர்த்தது. உண்டவர்கள் உடலிலும் அது ஏறிற்று. கிணறுகளும் கெட்டிருந்தன. 1978-ல் அவர்கள் மறுபடியும் வெளியேற்றப்பட்டார்கள். இன்றுவரை அவ்வூரார் அங்கே திரும்பக் குடியேறவில்லை.

பக்கத்து எனெவெட்டாக்கைச் சேர்ந்த ரூனிட் தீவில், குண்டு தோண்டிய பள்ளத்திலேயே நச்சு மண்ணைக் கொட்டி, 1980-க்குள் சிமெண்டுக் கூரையால் மூடினார்கள். அடியில் தளம் போடவில்லை. கடல் ஏறி இறங்கும்போது உள்ளிருக்கும் நீரும் ஏறி இறங்குகிறது. அங்குள்ள புளுட்டோனியம் பாதியாகக் குறையவே 24,000 ஆண்டுகள் செல்லும்.

எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும், கெடுத்ததை ஈடு செய்யவும் வேண்டுமென்பது திருச்சபையின் போதனை. அத்தீவாருக்குப் பணம் கொடுக்கப்பட்டது உண்மையே. பாட்டன் வைத்த தோப்பையும் அவன் வெட்டிய கிணற்றையும் பணம் திருப்பித் தருமா? ஈடு செய்ய முடியாத தீமையைத் தொடங்காதிருப்பதே கடமை. அணுகுண்டுச் சோதனை நீடித்தாலே பூமியிலுள்ள உயிர்களுக்கு ஆபத்து என்று பாப்பரசர் 23-ம் அருளப்பர் 1963-ல் தம் சமாதான நிருபத்தில் எச்சரித்தார்.

நாம் குண்டு வெடிக்கவில்லை. ஆனால் அயலான் கிணற்றருகே கழிவைக் கொட்டினோமா? வரப்பைத் தள்ளி வெட்டினோமா? அப்படியானால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். திருப்பிக் கொடுக்கக்கூடியதை, கொடுக்கக்கூடிய காலத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

உங்கள் பங்குக் குரு