பாவைப்பிள்ளைக்கு ஒரு களிமண் முகம்

இடம்பெயரும்போது நெல்மூட்டையையும் சட்டிபானையையும் பற்றித்தான் யோசித்தோம். பிள்ளைகளின் பாவைப்பிள்ளை வீட்டிலேயே கிடந்துவிட்டது. புதிதொன்று செய்ய, பழைய சேலைத் துண்டில் உடம்பைத் தைத்துவிடலாம். முகத்துக்குக் களிமண் போதும்.

களியின் குணம் கமக்காரர்களாகிய நமக்குப் புதிதல்ல. தண்ணீர் வற்றினால் வயல் பாளம் பாளமாக வெடிக்கும். மேற்பக்கம் முந்திக் காய்ந்து சுருங்க, ஈரமான உட்பக்கம் அதற்கு இடங்கொடாது. முகமும் அப்படித்தான். எங்கள் முதலாவது முகத்தை அவசரப்பட்டு வெயிலில் வைத்தோம். மத்தியானத்துக்குள் நெற்றியிலிருந்து நாடிவரை பிளந்துவிட்டது.

குளத்தடிக் களியில் கல், வேர் பொறுக்கி, 2 நாள் ஊறவிட்டுப் பிசையுங்கள். பென்சில் தடிப்பில் திரித்து விரலில் சுற்றினால் உடையக்கூடாது. மிகவும் ஒட்டுகிற களிக்கு, அரித்த மணல் சிறிது சேர்த்தால் சுருக்கம் குறையும்.

தோடம்பழமளவு உருண்டை பிடித்து, கீழே கழுத்தை இழுத்துவிடுங்கள். புதிதாகச் செய்பவர்கள் கண்ணை மிக மேலே வைத்துவிடுவார்கள். பெரியவர்களின் கண் உச்சிக்கும் நாடிக்கும் நடுவில் இருக்கிறது. குழந்தைக்கு அதைவிடச் சற்றுக் கீழே. மடியிலிருக்கும் பிள்ளையைப் பார்த்தாலே தெரியும். இரு பெருவிரலாலும் கண்குழிகளை அழுத்துங்கள். மூக்கையும் காதையும் ஒட்டும் இடத்தை ஈர்க்கால் கீறி, களிக்குழம்பு பூசி அழுத்தவேண்டும். சும்மா ஒட்டினால் காய்ந்ததும் கழன்றுவிடும். வாய்க்கு ஒரு கோடு. அதன் ஓரங்களை உயர்த்தினால் முகம் சிரிக்கும்.

எங்களிடம் ஒரு சிறுமி, கண்களை மூடியபடி செய்து தரச் சொன்னாள். ஏனென்று நாங்கள் கேட்கவில்லை. இமைகளை இறக்கிச் செய்து கொடுத்தோம்.

களி சற்று இறுகியதும், கரண்டிக் காம்பால் கழுத்து வழியாக உள்ளே தோண்டுங்கள். சுவர் சுண்டுவிரல் தடிப்புக்கு மேற்படக்கூடாது. துணி தைக்கக் கழுத்து விளிம்பில் 4 துளை இடுங்கள். பின்பு ஈரச்சாக்கால் மூடி நிழலில் வைத்து, நாளுக்கு நாள் சாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குங்கள். ஒரு கிழமையாவது பொறுக்கவேண்டும்.

சுடாத களி மழைபட்டால் மறுபடி சேறாகும். சுடுவதானால் முகத்தை முதலில் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அது நெருப்பில் ஆவியாகி முகத்தை வெடிக்கவைக்கும். முதலில் நெருப்புக்குத் தள்ளி வைத்துச் சூடேற்றி, பிறகே விறகும் சிரட்டையும் சுற்றி அடுக்கி எரியுங்கள். நன்றாகச் சிவந்தபின் சாம்பலுக்குள்ளேயே இராமுழுதும் ஆறட்டும். கிடுகுக் கொட்டில்களுக்குக் கிட்ட இதைச் செய்யவேண்டாம். காற்றில்லாத நாளாகப் பார்த்து, வெளியான இடத்தில், ஒரு வாளி தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.