படம் தெளிய வேண்டுமா? பூஸ்டருக்கு முன் அன்ரனாவைப் பாருங்கள்



இடம்பெயர்ந்து கிண்ணியாப் பகுதியில் குடியிருக்கும் உங்களில் பலர், "ரீவியில் படம் முழுக்கப் புள்ளி, பூஸ்டர் வாங்கலாமா?" என்று கேட்கிறீர்கள். இது பொழுதுபோக்குக்கான கேள்வி மட்டுமல்ல. 2004 இல் கடலையும் 2011 இல் வெள்ளத்தையும் கண்ட நமக்கு, மாரிகால எச்சரிக்கை நேரத்துக்குக் கிடைப்பது உயிர்ப் பிரச்சினை. ஆனால் காசைச் செலவழிக்குமுன் காரணத்தை அறிவோம்.

ஏன் படம் மங்குகிறது?

தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்பவை. 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகலை மலை, இங்கிருந்து தெற்கே சற்று மேற்காக ஏறக்குறைய 170 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. போரில் 1990 இல் அழிந்து 2011 இல் மீண்டும் எழுந்த கொக்காவில் கோபுரம், வடமேற்கே சுமார் 120 கிலோமீற்றர். இவ்வளவு தூரம் வரும் அலை வலுக்குறைந்தே வரும். மலையும் மரமும் மறித்தால் மேலும் குறையும்.

என்ன செய்யலாம்?

1. உயரம்: அன்ரனா கூரைக்கும் மரங்களுக்கும் மேலே நிற்கட்டும். கம்பத்தை இழுகம்பிகளால் கட்டுங்கள். கம்பம் சரிந்தாலும் மின்கம்பியில் படாத தூரத்தில் நடுங்கள். பட்டால் உயிர் போகும்.

2. திசை: மீன்முள் போன்ற அன்ரனாவில் குட்டைக் கம்பிகள் உள்ள முனை நிலையத்தை நோக்க வேண்டும். படம் தெளிவாக உள்ள அயல்வீட்டு அன்ரனாவைப் பாருங்கள். ஒருவர் மெல்லத் திருப்ப, மற்றவர் திரையைப் பார்த்துச் சொல்லட்டும். உருவம் இரட்டையாகத் தெரிந்தால் இன்னும் சிறிது திருப்புங்கள்.

3. வயர்: கடற்காற்றின் உப்பு இணைப்புகளை அரித்துவிடும். பச்சை பிடித்த நுனியை வெட்டி, புதிதாகச் சீவி, இறுக்கி, மழைநீர் புகாமல் சுற்றுங்கள். இடையில் ஒட்டில்லாத ஒரே வயரே நல்லது.

4. பூஸ்டர்: இது கடைசி வழி. களை பிடுங்காமல் பசளை போட்டால் களையும் சேர்ந்து வளரும் அல்லவா? பூஸ்டரும் படத்தோடு புள்ளிகளையும் பெருக்கும். வாங்கினால் ரீவிக்கு அருகில் அல்ல, அன்ரனாவுக்கு அருகிலேயே பொருத்த வேண்டும்.

இடி முழங்குமுன் அன்ரனா வயரையும் மின்சாரத்தையும் கழற்றிவிடுங்கள். முழங்கத் தொடங்கிய பின் வயரைத் தொடாதீர்கள். புயல் நாளில் மின்சாரம் நின்றால் ரீவியும் நின்றுவிடும். ஆகவே பற்றரியில் இயங்கும் சிறு வானொலி ஒன்றும் வீட்டில் இருக்கட்டும். கேட்ட எச்சரிக்கையை அயலவருக்கும் சொல்லுங்கள்.