வினாவும் விடையும் வழுவிய இடம்
(தெனரீஃப் விமான விபத்து: ஒரு மொழி நோக்கு)

வினாவும் செப்பும் வழுவாமல் காக்கப்பட வேண்டும் எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் விதித்தார். நன்னூலாரும் வினா வழுவையும் விடை வழுவையும் திணை, பால் வழுக்களோடு ஒருங்கே எண்ணினார். தேர்வுக்காக மட்டும் மாணவர் மனனம் செய்யும் இவ்விதியின் அருமையை, விமானத் துறையில் நிகழ்ந்த ஓர் உரையாடல் நன்கு விளக்குகிறது. அவ்வுரையாடலின் முடிவில் 583 பேர் உயிரிழந்தனர்.

நிகழ்ச்சி

1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினுக்குரிய கனாரித் தீவுகளுள் ஒன்றான கிரான் கனாரியாவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்தது. அங்கு இறங்க வேண்டிய விமானங்கள் அண்டைத் தீவாகிய தெனரீஃபின் லாஸ் ரோடியோஸ் நிலையத்திற்குத் திருப்பப்பட்டன. மாலையில் மேகமூட்டம் ஓடுபாதையை மூடியது. தரையில் நகரும் விமானங்களைக் காட்டும் ரேடார் அங்கு இல்லை. நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவனப் போயிங் 747 ஓடுபாதையின் கோடிவரை சென்று திரும்பி நின்றது. அதே பாதையில் அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனப் போயிங் 747 ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. ஒன்றை மற்றொன்று காணவில்லை. இரண்டையும் கோபுரம் காணவில்லை. கண்ணின் பணியையும் சொல்லே சுமக்க வேண்டியதாயிற்று.

புறப்படும் விமானத்திற்கு இரு அனுமதிகள் வேண்டும். மேலெழுந்தபின் செல்லும் வழி பற்றியது ஒன்று. மேலெழுவதற்கே உரியது மற்றொன்று. கே.எல்.எம். துணை விமானி, மேலெழ ஆயத்தம் என்பதையும் வழி அனுமதிக்குக் காத்திருப்பதையும் சேர்த்தே கூறினார். கட்டுப்பாட்டாளர் வழி அனுமதியை மட்டும் அளித்தார். எனினும், ‘டேக்காஃபுக்குப் பின் வலப்புறம் திரும்புக’ என்னும் குறிப்பு அதில் இருந்தது. துணை விமானி அதனைத் திருப்பிக் கூறி முடிக்குமுன்பே தலைமை விமானி விமானத்தைச் செலுத்தலானார். ‘வீ ஆர் நவ் அட் டேக்காஃப்’ எனத் துணை விமானி முடித்தார். கோபுரம் ‘ஓகே’ என்றது.

சற்றே இடைவெளிவிட்டு, காத்திருக்குமாறு கட்டுப்பாட்டாளர் கூறினார். அதே நொடியில் பான் ஆம் விமானிகளும் தாங்கள் இன்னும் ஓடுபாதையில் இருப்பதாக அறிவித்தனர். ஒரே அலைவரிசையில் இரு குரல்கள் மோதியதால் கே.எல்.எம். விமானத்தில் கீச்சொலியே மேலோங்கிற்று. அடுத்து வந்த செய்தியைக் கேட்ட விமானப் பொறியாளர், அவ்விமானம் இன்னும் விலகவில்லையா என வினவினார். விலகிவிட்டது எனத் தலைமை விமானி உறுதிபடக் கூறினார். சில நொடிகளில் விமானங்கள் மோதின. கே.எல்.எம். விமானத்திலிருந்த 248 பேரும் மாண்டனர். பான் ஆம் விமானத்தில் 61 பேர் மட்டுமே பிழைத்தனர்.

இலக்கண நோக்கு

‘அட் டேக்காஃப்’ என்பதைக் கட்டுப்பாட்டாளர் இடப்பொருளாகக் கொண்டார்: மேலெழுவதற்குரிய இடத்தில் நிற்கிறோம் என்பது அவர் கொண்ட பொருள். நம் இலக்கணப்படி அஃது ஏழாம் வேற்றுமைப் பொருள். சொன்னவர் கருதியதோ நிகழ்காலத் தொழில்: மேலெழுந்துகொண்டிருக்கிறோம் என்பது. டச்சு மொழியில் நிகழ்ந்துகொண்டிருக்கும் வினையை இடப்பொருள் உருபு போன்றதொரு சொல்லால் உணர்த்தும் வழக்கு உண்டு. தாய்மொழியின் அவ்வமைப்பு ஆங்கிலத்துள் கலந்திருக்கலாம் என மொழியியலார் சிலர் கருதுவர்.

‘ஓகே’ என்பது வடிவத்தால் நேர் விடை. ஆனால் அதற்குரிய வினா எது? திருப்பிக் கூறிய வழி சரி என்பதா, இடம் தெரிந்தது என்பதா, புறப்படலாம் என்பதா? இன்ன வினாவிற்கு இன்ன விடை என்னும் வரையறை அங்கு இல்லை. முற்றும் விளங்காத சொல் மறு வினாவை எழுப்பியிருக்கும். இருவருக்கும் இருவேறு பொருளில் விளங்கியமையால் ஐயமே எழவில்லை. மேகமும் கால நெருக்கடியும் அவசரமும் விபத்திற்குக் காரணங்களே. எனினும் அவற்றைத் தடுத்து நிறுத்தியிருக்கக்கூடிய ஒரே அரண் தெளிவான சொல்லாக இருந்தது.

பின் வந்த நெறிகள்

இவ்விபத்து உலக விமானத் துறையின் பேச்சு வழக்கைத் திருத்தியது. ‘டேக்காஃப்’ என்னும் சொல்லை மேலெழும் அனுமதியை அளிக்கும்போதும் விலக்கும்போதும் மட்டுமே ஆள வேண்டும். ஏனைய இடங்களில் ‘டிபார்ச்சர்’ என்றே கூற வேண்டும் என வரையறுத்தனர். ஓடுபாதை அனுமதிகளை ‘ஓகே’ என ஏற்காமல், முழுமையாகத் திருப்பிக் கூறுதல் வேண்டும். பன்னாட்டு வான்போக்குவரத்தில் ஈடுபடுவோர்க்கான மொழித் தேர்ச்சி விதிகளைப் பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2008 மார்ச் முதல் நடைமுறைப்படுத்தியது. மூத்தவர் தவறும் இடத்தில் இளையவர் தயங்காமல் வினவுதற்கும், அவ்வினாவை மூத்தவர் மதித்தற்கும் விமானிகள் பயிற்றுவிக்கப்படுகின்றனர்.

நிறைவாக

அன்று விமானப் பொறியாளர் கேட்டது வழுவற்ற வினா. ஓடுபாதையைப் பற்றி அவ்விமானத்தில் எழுந்த சரியான ஐயம் அதுவே. அதற்குக் கிடைத்த விடையே வழுவியது. மூத்தவரின் உறுதியான குரல் சான்றாகிவிடாது. ஆசிரியர் ‘விளங்கிற்றா?’ என, மாணவர் ‘விளங்கிற்று’ என்றால் பாடம் முடிந்துவிடுவதில்லை. விளங்கியது யாதெனத் திருப்பிக் கூறும்போதே அது முடிகிறது. வினாவையும் செப்பையும் வழுவாமல் காக்கச் சொன்ன நம் இலக்கண நூலார், மொழியோடு மனிதரையும் காக்கும் வழியை உணர்த்தினர் எனக் கொள்வது பொருந்தும்.