பள்ளியும் பல்லியும் ஒரே முகவரியில்

இறுதியாண்டு புராஜெக்ட் சீசன் வந்தால் தமிழில் செய்தித்தளம் கட்டும் மாணவர்கள் என்னிடம் வருவார்கள். தலைப்பு தமிழில் இருக்கும், யூஆர்எல் தங்கிலீஷில் இருக்கும். கேட்டால், "ஐ.டி.யில் இருக்கிற அண்ணன் சொன்னார் சார்" என்பார்கள். ஒருவனுக்கு அப்பாவே போனில் உத்தரவு போட்டிருந்தார்.

முகவரி அமைக்கும் வழிகள் தெரிந்தவைதாம்: வெறும் எண், அப்படியே தமிழ், ரோமன் எழுத்து, எண்ணும் தலைப்பும் சேர்ந்தது. அலுவலகத்துக்குள் மட்டும் ஓடும் மென்பொருளுக்கு எண்ணே போதும்.

எல்லோரும் விழுவது ரோமனில்தான். தங்கிலீஷில் பள்ளியும் பல்லியும் ஒன்று: பி-ஏ-எல்-எல்-ஐ. பள்ளித் திறப்புச் செய்தியும் பல்லி விழும் பலனும் ஒரே முகவரிக்கு அடித்துக்கொள்ளும். ழகரத்துக்கு ஒருவர் இஸட்-எச் போடுவார், இன்னொருவர் வெறும் எல். நடுவில் விதியை மாற்றினால் பழைய இணைப்பெல்லாம் 404.

ரோமனுக்கு மாற்றுவது ஐரோப்பிய மொழிகளுக்குப் பொருந்திய பழக்கம். பிரெஞ்சு எழுத்தின் தலைக்கோட்டை உதிர்த்தாலும் அடியெழுத்து மிஞ்சும். நமக்கு ஒன்றுமே மிஞ்சாது. தலைப்பை முகவரித் துண்டாக்கும் ஜாங்கோவின் ஸ்லகிஃபையிடம் 'சென்னை'யைக் கொடுத்துப் பாருங்கள், காலியாகத் திரும்பும். யூனிகோடை அனுமதிக்கச் சொன்னால் 'சனன' வரும். கொம்பையும் புள்ளியையும் ஐகாரக் குறியையும் பைத்தான் ரெகெக்ஸ் எழுத்தாக மதிப்பதில்லை. அவற்றைக் காப்பாற்ற நீங்களே விதி எழுத வேண்டும்.

அப்படியே தமிழில் வைத்தால் நீளம் ஒரு தொல்லை. 'சென்னை' யூனிகோடில் 6 குறிகள், யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட். வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது 54 எழுத்துள்ள சதவீதக் குறி ரயிலாக நீளலாம். ஆனாலும் தமிழ் விக்கிப்பீடியா தமிழ்த் தலைப்பிலேயே ஓடுகிறது, யாரும் செத்துவிடவில்லை.

என் ஓட்டு எண்ணும் தமிழ்த் தலைப்பும் சேர்ந்ததற்கு. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ முறை அது. பக்கத்தைத் தேடுவது எண், தலைப்பு வாசகருக்கு. தலைப்பைத் திருத்தினால் 301 போட்டுப் புதிய முகவரிக்கு அனுப்பிவிடலாம்.

அண்ணனுக்குச் சரியாக வந்த முறை உங்களுக்கும் சரியாக வர வேண்டியதில்லை. எந்த முறையானாலும் ஒரு மாலை பொறுமையாக உட்கார்ந்து சோதித்துவிட்டு முடிவெடுங்கள். குறிப்பாக, எண் இல்லாத குறிச்சொல் பக்கங்களை. 'கொக்கு' என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் போடலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் போடலாம். கண்ணுக்கு ஒன்றுதான், தரவுத்தளத்துக்கு வேறு வேறாகத் தெரியலாம். சேமிக்கும்போதும் தேடும்போதும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டு, வைவாவுக்கு முன் இரண்டு வடிவ இணைப்பும் திறக்கிறதா என்று பாருங்கள்.